தாய்ப்பால்ல வைரஸா? பதறுறதுக்கு முன்னாடி, 27 வாரத்துல பிறக்குற குழந்தைகளோட இந்தக் கதையைத் தெரிஞ்சுக்கோங்க!

2025 ஜனவரி முதல் வாரத்துல உங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப் எப்படி இருந்துச்சுனு ஞாபகம் இருக்கா? பெங்களூருல ரெண்டு குழந்தைகளுக்கு எச்.எம்.பி.வி. அடுத்து சென்னையில ஒருத்தருக்கு, சேலத்துல ஒருத்தருக்கு. அவ்வளவுதான். 'மறுபடியும் லாக்டௌனா?'னு பெரியப்பா கேட்டிருப்பார், சித்தி கபசுரக் குடிநீர் ரெசிப்பி ஃபார்வேர்டு பண்ணியிருப்பாங்க. 2001-லேயே நெதர்லாந்துல அடையாளம் கண்ட, வருஷா வருஷம் வந்து போற சளி வைரஸ் அது. ரெண்டு வாரத்துல எல்லாரும் மறந்தாச்சு.

அந்த ரெண்டு வாரத்துலயும் சரி, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சரி, பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகள்ல இன்னொரு வைரஸ் சத்தமே இல்லாம புழங்கிக்கிட்டிருக்கு. பேரு சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமா சி.எம்.வி. ஹெர்பீஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இதை யாரும் ஃபார்வேர்டு பண்ணலை. ஒருவகையில அது நல்லதுதான். ஏன்னா, இந்த வைரஸ் குறைமாதக் குழந்தைக்குப் போய்ச் சேருற முக்கியமான வழி தாய்ப்பால். 'தாய்ப்பாலில் கொடிய வைரஸ்'னு ஒரு தம்ப்நெயில் போதும், எத்தனை அம்மாக்கள் பால் கொடுக்குறதை நிறுத்துவாங்கனு யோசிச்சுப் பாருங்க. அதனாலயே இதைக் கொஞ்சம் நிதானமா, முழுசா பேச வேண்டியிருக்கு.

முதல்லயே ஒண்ணைத் தெளிவா சொல்லிடலாம். நிறைமாசத்துல பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்கு இந்தக் கட்டுரையில வர்ற எந்தப் பயமும் பொருந்தாது. உங்க வீட்ல இருக்குற குழந்தை 38, 39 வாரத்துல பிறந்ததுன்னா, இதை ஒரு தகவலா மட்டும் படிங்க. பாலை நிறுத்திடாதீங்க.

இராஜாக்கமங்கலத்துல ஒரு பொண்ணுக்கு 27-வது வாரத்துல வலி வந்துடுச்சுனு வெச்சுக்குவோம். கர்ப்பகாலம் 40 வாரம். 37-க்கு முன்னாடி பிறந்தா குறைமாதம், 28-க்கும் முன்னாடின்னா 'மிகமிகக் குறைமாதம்'. 108-ஐ கூப்பிட்டு நாகர்கோவில் தாண்டி ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போறாங்க. இந்தக் கடலோர ஊர்கள்ல பெரிய பிரச்னைன்னா முதல்ல நினைவுக்கு வர்றது ஆசாரிபள்ளம். அதுக்கும் மேலன்னா திருவனந்தபுரம். 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோட இருந்த மாவட்டம் இல்லையா, எல்லைக்கோடு மாறுனாலும் நோயாளி போற பாதை அவ்வளவு சீக்கிரம் மாறுறதில்லை. குழந்தை பிறக்குது. எடை ஒரு கிலோ, அதாவது ஒரு சர்க்கரை பாக்கெட் கனம். தோல் வழியா நரம்பு தெரியுது. நுரையீரல் முழுசா விரியலை. வாயில வெச்சு உறிஞ்சத் தெரியாது. மூக்கு வழியா ஒரு மெல்லிய குழாய், அதுல சொட்டுச் சொட்டா அம்மா பீய்ச்சிக் கொடுக்குற சீம்பால்.

முப்பது நாப்பது வருஷம் முன்னாடி இந்தக் குழந்தை பிழைக்கிறதே அபூர்வம். இன்னிக்கு நிலைமை வேற. 2020 கணக்குப்படி தமிழ்நாட்டுல பிறக்குற 1,000 குழந்தைகள்ல ஒரு வயசுக்குள்ள இறக்குறவங்க 13 பேர். நாட்டோட சராசரி அப்போ 28. இவ்வளவு சின்னக் குழந்தைகளை வாரக்கணக்குல உயிரோட வெச்சிருக்க முடியுறதாலதான், பிறந்து ஆறாவது வாரம், எட்டாவது வாரம் தலைகாட்டுற சி.எம்.வி. மாதிரி நோய்களே கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சிருக்கு. இது தோல்வியோட அடையாளம் இல்லை. ஒரு படி மேல ஏறுனதும் தெரியுற அடுத்த படி.

அம்மா ஒண்ணும் தப்பு பண்ணலை

இந்தியாவுல வயசுக்கு வந்த பெண்கள்ல பத்துல ஒன்பது பேருக்கு மேல, எப்பவோ ஒரு காலத்துல சி.எம்.வி. வந்துட்டுப் போயிருக்கும். பெரும்பாலும் சின்ன வயசுலயே, எச்சில் மூலமா. அப்போ லேசா ஒரு காய்ச்சல் வந்திருக்கலாம், அதுவும் வராம இருந்திருக்கலாம். அம்மை போட்ட வைரஸ் உடம்புக்குள்ளயே உறங்குற மாதிரி, இதுவும் உறங்கிக்கிட்டிருக்கும். குழந்தை பிறந்து பால் சுரக்க ஆரம்பிச்சதும், மார்பகத்துல மட்டும் அது விழிச்சுக்குது. ஏற்கெனவே தொற்று இருந்த அம்மாக்கள்ல ஏறக்குறைய எல்லாரோட பால்லயும் அது எட்டிப் பார்க்குதுனு ஆய்வுகள் சொல்லுது. முதல் சில வாரங்கள்ல ஏறி, நாலுல இருந்து எட்டு வாரத்துக்குள்ள உச்சம் தொட்டு, அப்புறம் தானா இறங்கிடும். அம்மாவுக்குக் காய்ச்சல் இருக்காது, வலி இருக்காது. ரத்தப் பரிசோதனையிலகூட வைரஸ் தெரியாம இருக்கலாம், பால்ல மட்டும் இருக்கும்.

அப்படின்னா ஊர்ல இருக்குற எல்லாக் குழந்தைக்கும் இது வரணுமே? வருது. நிறைய பேருக்கு வருது. ஆனா ஒண்ணும் ஆகுறதில்லை. காரணம், அம்மா கொடுத்து அனுப்புற சீதனம். கர்ப்பத்தோட கடைசி மூணு மாசத்துல, தொப்புள்கொடி வழியா அம்மாவோட எதிர்ப்புப் புரதங்கள் குழந்தைக்குப் போய்ச் சேருது. நிறைமாசக் குழந்தையோட ரத்தத்துல அது அம்மாவை விடக்கூட அதிகமா இருக்கும். வைரஸ் வந்தாலும் அந்தக் காவல் மடக்கிப் பிடிச்சுடும்.

27 வாரத்துல பிறந்த குழந்தைக்கு அந்தக் கடைசி மூணு மாசமே கிடைக்கலை. சீதனம் வந்து சேர்றதுக்கு முன்னாடியே வீட்டை விட்டுக் கிளம்பிடுச்சு. அதோட சொந்த எதிர்ப்பு சக்தியும் இன்னும் பக்குவப்படலை. பால் அதேதான், வைரஸும் அதேதான். வாங்குற உடம்புதான் வேற.

எவ்வளவு பேருக்கு வருதுனு கேட்டா, 2013-ல 'பீடியாட்ரிக்ஸ்' இதழ்ல வெளியான ஒரு தொகுப்பாய்வு ஒரு கணக்கு சொல்லுது. சி.எம்.வி. ஏற்கெனவே வந்துபோன அம்மாக்களோட பாலை எந்தப் பக்குவமும் செய்யாம அப்படியே குடிச்ச, எடை மிகக் குறைஞ்ச குறைமாதக் குழந்தைகள்ல சுமார் 19 சதவிகிதத்துக்குத் தொற்று வந்திருக்கு. ஆனா நோயா மாறி, ரத்தத்துல கிருமி பரவுன மாதிரியான தீவிர நிலைக்குப் போனது சுமார் 4 சதவிகிதம். 100 பேர்ல 4 பேர். மீதிப் பேருக்கு வந்த சுவடே தெரியாம போயிருக்கு. இந்த ரெண்டு எண்ணையும் சேர்த்தே ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒண்ணை மட்டும் எடுத்தா பீதி, இன்னொண்ணை மட்டும் எடுத்தா அலட்சியம்.

கல்ச்சர் நெகட்டிவ், ஆனா குழந்தை வாடுது

அந்த 4 பேருக்கு என்ன ஆகும்னு பார்க்கலாம். இதுலதான் நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளுக்கான பாடமே இருக்கு. மறுபடியும் அந்த இராஜாக்கமங்கலத்துக் குழந்தை. ஆறாவது வாரம். வெண்டிலேட்டர்ல இருந்து இறக்கியாச்சு, எடை ஏறுது, வீட்டுக்கு எப்போனு மாமியார் நாள் எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. திடீர்னு ஒருநாள் குழந்தை நிறம் மாறி சாம்பல் பூத்த மாதிரி தெரியுது. மூச்சு விட்டு விட்டு வருது. வயிறு உப்புது. ரத்தத்துல தட்டணுக்கள் குறையுது. வெள்ளணுக்களும் குறையுது. கல்லீரல் வீங்கலாம். மறுபடியும் ஆக்சிஜன்.

எந்த டாக்டரா இருந்தாலும் முதல்ல சந்தேகப்படுறது பாக்டீரியாவைத்தான். அது சரியான சந்தேகமும்கூட. நம்ம நாட்டுப் பச்சிளம் குழந்தைப் பிரிவுகள்ல உயிரைப் பறிக்கிற பெரிய எதிரி கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் மாதிரி மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள்தான். டெல்லியில மூணு பெரிய ஆஸ்பத்திரிகள்ல நடந்து 2016-ல 'லான்செட் குளோபல் ஹெல்த்'ல வெளியான ஆய்வு இதை அப்பட்டமா காட்டுச்சு. அதனால ஆன்டிபயாட்டிக் போடுறாங்க. ரத்தக் கல்ச்சர் நெகட்டிவ்னு வருது. குழந்தை தேறலை. அடுத்த ஆன்டிபயாட்டிக். அப்புறம் அதைவிட பலமானது. வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் ஒண்ணும் செய்யாது. குழந்தையோட குடல்ல இருக்குற நல்ல கிருமிகள் போயிடுது, வார்டுக்குள்ள மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு இன்னும் தெம்பு கூடுது.

சிறுநீரையோ எச்சிலையோ எடுத்து ஒரு பி.சி.ஆர். பண்ணுனா விடை கிடைச்சுடும். கொரோனா புண்ணியத்துல பி.சி.ஆர்.னா என்னன்னு இன்னிக்கு ஸ்கூல் பசங்களுக்கே தெரியும். மாவட்டத்துக்கு மாவட்டம் மெஷினும் வந்துடுச்சு. 'இது சி.எம்.வி.யா இருக்குமோ'னு கேட்கிற பழக்கம்தான் எல்லா இடத்துலயும் இன்னும் வரலை. இதுல ஒரு சிக்கலும் இருக்கு. கருவுல இருக்கும்போதே சி.எம்.வி. தொத்தியிருந்தா அது வேற கதை. காது கேளாமைக்குப் பரம்பரை அல்லாத காரணங்கள்ல அது முக்கியமானது. பிறந்து மூணு வாரத்துக்குள்ள எடுத்த மாதிரியில வைரஸ் இருந்தா, அது கருவுலயே வந்தது. மூணு வாரம் தாண்டி முதல்முறையா டெஸ்ட் எடுத்து பாசிட்டிவ்னு வந்தா, முன்னாடியே இருந்ததா, பால் வழியா வந்ததானு பிரிச்சுச் சொல்றது கஷ்டம். இவ்வளவு சின்னக் குழந்தைகளுக்கு முதல் மூணு வாரத்துக்குள்ள ஒரு சிறுநீர் டெஸ்ட் எடுத்து வெச்சுட்டா, பின்னாடி எவ்வளவோ குழப்பம் மிச்சமாகும்.

கேன்சிக்ளோவிர், வால்கேன்சிக்ளோவிர்னு மருந்து இருக்கு. ஆனா வெள்ளணுக்களைக் குறைக்கிற மருந்து அது. கருவுல வந்த தொற்றுக்கு அது உதவுறதுக்கு ஆதாரம் இருக்கு. பிறந்த பிறகு வந்த தொற்றுக்கு அவ்வளவு உறுதியான ஆதாரம் இல்லை. அதனால நோய் தீவிரமா இருக்குற குழந்தைக்கு மட்டும், எடை போட்டுப் பார்த்துத்தான் டாக்டர்கள் கொடுப்பாங்க. நீண்டகால பாதிப்பைப் பொறுத்தவரை, பிறந்த பிறகு தொற்று வந்த குழந்தைகள்கிட்ட நாள்பட்ட நுரையீரல் பாதிப்பு கூடுதலா இருக்குறதா 2015-ல அமெரிக்காவுல பெரிய அளவுல நடந்த ஒரு ஆய்வு சொல்லுச்சு. வைரஸ்தான் நேரடிக் காரணமா, இல்ல ஏற்கெனவே பலவீனமான குழந்தைக்கு ரெண்டும் சேர்ந்து வருதாங்கிற விவாதம் இன்னும் ஓயலை.

சூடு பண்ணிட்டா முடிஞ்சுதா?

உங்களுக்கு உடனே தோணுற கேள்வி இதுதான். பாலைச் சூடு பண்ணி வைரஸைக் கொன்னுட்டா என்ன?

கொல்லலாம். தாய்ப்பால் வங்கிகள்ல 62.5 டிகிரி செல்சியஸ்ல 30 நிமிஷம் வெச்சு பதப்படுத்துறாங்களே, அதுல சி.எம்.வி. செத்துடும். அதனாலதான் வங்கியில இருந்து வர்ற, வேற அம்மா தானம் பண்ணுன பால்ல இந்தப் பயம் இல்லை. வேடிக்கையா இல்ல? தானப் பால் வைரஸ் இல்லாதது, பெத்த அம்மாவோட பச்சைப் பால்தான் வைரஸ் உள்ளது. ஆனா அந்தச் சூட்டுல வைரஸோட சேர்ந்து உயிருள்ள செல்களும் போயிடுது. எதிர்ப்புப் புரதங்கள் குறையுது. கொழுப்பைச் செரிக்க உதவுற என்சைம் அழிஞ்சுடுது. குறைமாதக் குழந்தைகளோட குடல் அழுகிப்போற ஒரு கொடூரமான நோய் இருக்கு. அதுல இருந்தும் பாக்டீரியா தொற்றுல இருந்தும் காப்பாத்துறதுல பெத்த அம்மாவோட பாலுக்கு இணை எதுவும் இல்லை. கிளெப்சியெல்லா சுத்திக்கிட்டிருக்குற வார்டுல அந்தக் கவசத்தை நாமளே கழட்டலாமா?

ஃப்ரீசர்ல வெச்சா? மைனஸ் 20 டிகிரியில சில நாள் வெச்சா வைரஸோட அளவு நல்லாவே குறையும், முழுசா போகாது. ஸ்வீடன்ல 28 வாரத்துக்கு முன்னாடி பிறந்த குழந்தைகளை வெச்சு நடந்து 2015-ல வெளியான ஆய்வுல, உறையவெச்ச பால் குடிச்சவங்களுக்கும் பச்சைப் பால் குடிச்சவங்களுக்கும் தொற்றுல பெரிய வித்தியாசம் தெரியலை. ஜெர்மனியில ட்யூபிங்கன் ஆராய்ச்சியாளர்கள் 62 டிகிரியில வெறும் 5 விநாடி சூடாக்குற முறையை உருவாக்குனாங்க. வைரஸ் சாகும், சத்து அதிகம் போகாது. நல்ல வழிதான். ஆனா அதுக்குத் தனி மெஷின் வேணும், ஒவ்வொரு அம்மாவோட பாலையும் தனித்தனியா, பேர் மாறாம கையாள ஆள் வேணும். ஒரு நர்ஸ் எத்தனை குழந்தைகளைப் பார்க்குறாங்கனு நம்ம அரசு ஆஸ்பத்திரி வார்டை ஒருமுறை எட்டிப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

அதனால நாடுகளே ஒரே முடிவுக்கு வரலை. ஐரோப்பாவுல சில மையங்கள் மிகமிகக் குறைமாதக் குழந்தைகளுக்கு அம்மாவோட பாலையும் பதப்படுத்தித்தான் கொடுக்குது. அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர் அமைப்போ, தாய்ப்பாலோட பலன் இந்த அபாயத்தை விடப் பெருசுனு 2012-லேயே சொல்லிடுச்சு. இந்தியாவைப் பொறுத்தவரை ரெண்டாவது நிலைப்பாடுதான் சரினு எனக்குத் தோணுது. நம்ம வார்டுகள்ல பாக்டீரியா கொல்ற எண்ணிக்கைக்கு முன்னாடி சி.எம்.வி. கொல்றது கம்மி. ஆனா 'பாலை அப்படியே கொடுங்க'னு சொல்லிட்டு அதோட கைகழுவிடக் கூடாது. 28 வாரத்துக்குக் கீழ, ஒரு கிலோவுக்குக் கீழ இருக்குற குழந்தைகளுக்கு அந்தந்தப் பிரிவுல என்ன செய்யப் போறோம்னு ஒரு எழுத்துபூர்வமான முறை இருக்கணும். டாக்டருக்கு டாக்டர், ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் மாறக் கூடாது.

ரத்தம் வழியாவும் இது வரும். அதைப் பத்தி நாம பேசுறதே இல்லை. இந்தக் குழந்தைகளுக்கு அடிக்கடி ரத்தம் ஏத்த வேண்டியிருக்கும். நம்ம ரத்த வங்கிகள்ல கட்டாயமா பார்க்குறது எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, பால்வினை நோயான சிஃபிலிஸ், மலேரியா. சி.எம்.வி. அந்தப் பட்டியல்ல இல்லை. பத்துல ஒன்பது பேருக்கு இருக்குற வைரஸை டெஸ்ட் பண்ணி ஒதுக்குனா ரத்தமே மிஞ்சாதுங்கிறதும் நியாயமான காரணம்தான். ஆனா சி.எம்.வி. ஒளிஞ்சிருக்குறது வெள்ளணுக்களுக்குள்ள. ஃபில்டர் வெச்சு வெள்ளணுக்களை நீக்கிட்டா அபாயம் பெருமளவு போயிடும். அட்லாண்டாவுல 539 எடை குறைஞ்ச குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வுல, வெள்ளணு நீக்கி, சி.எம்.வி. இல்லாத கொடையாளர்கள்கிட்ட இருந்து வாங்கி ஏத்துன ரத்தம் வழியா ஒரு குழந்தைக்குக்கூடத் தொற்று வரலை. பாலைப் பத்தி ஆயிரம் விவாதம் இருக்கலாம். ஃபில்டர் பண்ணுன ரத்தத்தைப் பத்தி விவாதமே தேவையில்லை, செலவு மட்டும்தான் தடை. அரசாங்கம் முதல்ல கை வைக்க வேண்டிய இடம் இதுதான்.

மாதவரத்து பாட்டில்

2024 மே மாசம் சென்னை மாதவரத்துல ஒரு கடையில தாய்ப்பாலை பாட்டில்ல அடைச்சு விற்கிறாங்கனு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சீல் வெச்ச செய்தி வந்துச்சே, அதுவும் இந்தக் கதையோட சேர்ந்ததுதான். 50 மில்லி 500 ரூபாய்னு அப்போ பேச்சு. அதுக்குச் சில நாள் முன்னாடிதான், தாய்ப்பாலை வணிகமா விற்க அனுமதியே கிடையாதுனு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கை விட்டிருந்தது. அந்த பாட்டில்களை யார் வாங்கியிருப்பாங்க? பால் சுரக்காத, குழந்தை இன்குபேட்டர்ல இருக்குற, பதறிப்போன குடும்பங்களும் அதுல இருந்திருக்கும். யார் கொடுத்தது, என்ன டெஸ்ட் பண்ணுனாங்க, எத்தனை டிகிரியில வெச்சாங்கனு எதுவும் தெரியாத பாலை, எதிர்ப்பு சக்தியே இல்லாத ஒரு கிலோ குழந்தைக்குக் கொடுக்குறது எவ்வளவு ஆபத்துனு இப்போ உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் குரூப்ல நல்ல மனசோட இலவசமா கொடுத்தாலும் கணக்கு அதேதான். தானம் பண்ணணும்னா வங்கிக்குப் பண்ணுங்க.

மும்பை சயான் ஆஸ்பத்திரியில 1989-ல ஆசியாவோட முதல் தாய்ப்பால் வங்கி வந்துச்சு. தமிழ்நாட்டுல 2015 வாக்குல, பஸ் ஸ்டாண்டுல பாலூட்டும் அறை திறந்த அதே காலத்துல, சில அரசு ஆஸ்பத்திரிகள்லயும் வங்கிகள் வந்துச்சு. ஒவ்வொரு பெரிய பச்சிளம் குழந்தைப் பிரிவுக்கும் ஒரு வங்கி பக்கத்துல இருந்தா, மாதவரத்து பாட்டிலுக்கு வேலையே இருக்காது.

குழந்தையைப் பார்க்க வர்றவங்களைப் பத்தியும் சொல்லணும். சி.எம்.வி. எச்சில்லயும் சிறுநீர்லயும் இருக்கும், குறிப்பா மூணு நாலு வயசுக் குழந்தைகள் மாசக்கணக்குல அதை வெளிய விட்டுக்கிட்டே இருப்பாங்க. 'நம்ம பிள்ளைதானே மக்ளே, ஒரு முத்தம் குடுத்தா என்ன'னு பாட்டி கேட்பாங்க. சேனை தொட்டு நாக்குல வைக்க தாய்மாமன் சர்க்கரைத் தண்ணியோட நிப்பார். சண்டை போடாதீங்க, கை கழுவச் சொல்லுங்க, முத்தத்தைக் கால்ல கொடுக்கச் சொல்லுங்க, சேனையை மட்டும் உறுதியா மறுத்துடுங்க. மூத்த பிள்ளைக்கு டயப்பர் மாத்துன கையோட அம்மா பால் பீய்ச்சப் போகக் கூடாது. அதேசமயம், அம்மா நெஞ்சோட குழந்தையைக் கட்டிக்கிற கங்காரு பராமரிப்பை வைரஸ் பயத்துல விட்டுடாதீங்க. அந்த அணைப்பு உயிர்காக்குறதா நிரூபணமான சிகிச்சை. அப்பாவும் செய்யலாம்.

பரிசோதனையில சி.எம்.வி.னு வந்துட்டா, வீட்ல முதல்ல திரும்புற விரல் அம்மா பக்கம்தான் இருக்கும். 'உன் பாலாலதான் வந்துச்சாமே.' ஏற்கெனவே 'குறைமாசத்துல பெத்துட்டா'ங்கிற பேச்சைக் கேட்டுக்கிட்டிருக்குற பொண்ணு அவங்க. அந்த நேரத்துல கணவர்தான் வாயைத் திறக்கணும். இந்த வைரஸ் அவர் உடம்புலயும், பேசுற மாமியார் உடம்புலயும், அநேகமா கண்டிப்பா இருக்கு. டாக்டரும் ரிப்போர்ட்டைக் கையில கொடுக்குறப்போ இந்த ஒரு வாக்கியத்தைக் குடும்பத்துக்கு முன்னாடியே சொல்லிட்டா, பாதிப் பிரச்னை வார்டுலயே முடிஞ்சுடும். இதுக்கு மெஷினும் வேண்டாம், பட்ஜெட்டும் வேண்டாம்.

டிஸ்சார்ஜுக்கு அப்புறமும் வேலை இருக்கு. 34 வாரத்துக்கு முன்னாடியோ 2 கிலோவுக்குக் குறைவாவோ பிறந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனையை முப்பது நாளுக்குள்ள தொடங்கியிருக்கணும். காது கேட்கும் பரிசோதனை பண்ணியாச்சானு டிஸ்சார்ஜ் சம்மரியில பாருங்க. சி.எம்.வி. வந்த குழந்தைன்னா அதைத் திரும்பவும் பண்ணச் சொல்லிக் கேளுங்க, அது கருவுலயே வந்ததா இல்லையானு தெளிவா தெரியாட்டியும்கூட. வளர்ச்சியைத் தொடர்ந்து பார்க்க மாவட்டத்துக்கு ஒரு ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கு, கட்டணம் கிடையாது. இராஜாக்கமங்கலத்துல இருந்து ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் நாகர்கோவில் பஸ் பிடிச்சு, ஒருநாள் கூலியை விட்டுட்டு வர்றது லேசு இல்லைதான். பிறந்த தேதியைக் கணக்கு வெச்சு 'இன்னும் உட்காரலையே'னு கலங்காதீங்க. மூணு மாசம் முன்னாடி வந்த குழந்தைக்கு, அந்த மூணு மாசத்தைக் கழிச்சுட்டுத்தான் வயசு பார்க்கணும்.